நீலாவதி கடைச் சாப்பாடு

நான் உலகம் சுற்றியவன். சிங்கப்பூர், ஹாட்யாய், மெட்ராஸ். மொத்தம் மூன்றே ஊர்தான். ஆனால் நான் சொல்கிற விதத்தில் கேட்டால், கப்பலேறிப் பத்து வருஷம் திரிந்தவன் போலத் தோன்றும். போன இடத்தில் என்ன பார்த்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள். மெரினா கடற்கரைக்குப் போனோம் என்று என் மனைவி குமுதா சொல்கிறாள். எனக்கு அங்கே வாங்கிய மிளகாய் பஜ்ஜிதான் நினைவிருக்கிறது. கடல் பின்னால் எங்கோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

மற்ற நாளெல்லாம் எங்கள் மலையூர் கோலா தெர்லாவில் பூ லோரி ஓட்டுகிறேன். முதலாளி தவுக்கேயின் தோட்டத்துச் சாமந்தியை ஈப்போ பாசாரில் பூ வியாபாரிகளிடம் இறக்கிவிட்டு, வெறும் லோரியோடு மலையேறி வருவது என் பிழைப்பு. முன்னால் மூன்று பேர் உட்காரலாம். எனக்கும் என் வயிற்றுக்கும் இரண்டு இடம் போக, ஒன்று மிச்சமிருக்கும் என்பார் என் கூட்டாளி தோமஸ் அண்ணன்.

அந்த மிச்ச இடத்தில்தான் இப்போது சிக்கல்.

பெல்ட் போடாமல் யாராவது உட்கார்ந்தால் இந்த லோரி கத்தும். தவுக்கே போன வருஷம் வாங்கியது. புது வண்டிக்கு வாய் அதிகம். தோமஸ் அண்ணன் மார்ச் மாதம் இறந்தார். ஏப்ரல் முதல் புதன்கிழமை, கம்போங் ராஜா தாண்டி இறக்கம் தொடங்கும் இடத்தில், ஆளே இல்லாத ஜன்னல் சீட்டுக்காக லோரி கத்த ஆரம்பித்தது. டிங், டிங், டிங். ஈப்போ வரைக்கும் நிற்கவில்லை. மறுநாள் சத்தமில்லை; இரண்டு வாரம் கழித்து, மறுபடி புதன்கிழமைதான் கத்தியது.

மெக்கானிக் மகேன் சீட்டைத் தட்டிப் பார்த்தான். "பனி லா அண்ணே. சென்சர்ல ஈரம் எறங்கியிருக்கும்."

"புதன்கிழமைக்கு மட்டும் ஈரமாடா?"

"அத நீங்க சாமியார்ட்டதான் கேக்கணும்."

அடுத்த தடவை, வெறும் சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினேன். சத்தம் நின்றது. பாதி வாடிய தேயிலைக் கொழுந்தின் வாசம் மட்டும் லோரிக்குள் இருந்தது. தோமஸ் அண்ணன் எஸ்டேட் ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் கொழுந்து வாட்டும் பகுதியில் இருந்தவர். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாசம் அவர் சட்டையை விட்டுப் போனதில்லை. நான் ஏற்றுவதோ சாமந்தி. இதைக் குமுதாவிடம் சொன்னதும் பரிகாரம் செய்யச் சொன்னாள்.

"அதான் பெல்ட் போட்டு விட்டேனே. இதுக்கு மேல என்னா பரிகாரம்?" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். சிரிப்பு சரியாக வரவில்லை.

ஏன் புதன்கிழமை என்று எனக்குத் தெரியும். அதை மறைத்துத்தான் இத்தனை பேச்சும்.

அதற்கு முந்தின ஆகஸ்ட்டில் ஒருநாள், லோரியில் ஏறி உட்கார்ந்ததும் அண்ணன் சொன்னார்: "டே அர்ஜுனா, ரெண்டு வாரத்துக்கு ஒருவாட்டி புதன்கிழம என்னைய ஈப்போ பெரிய ஆஸ்பத்திரில எறக்கி விடணும். திரும்பி வரப்போ ஏத்திக்கணும். மேவிஸுக்குத் தெரியக் கூடாது."

உணவுக்குழாயில் கட்டி. சோறு இறங்கவில்லை. அவர் மனைவி மேவிஸ் அண்ணியின் தம்பி இதே நோயில்தான் போனான்.

"அவன் சாகறதுக்கு முன்னாடி ஆறு மாசம் இவ செத்துக்கிட்டு இருந்தா" என்றார். "இன்னொரு தடவ வேணாம்டா. எங்க போறேன்னு கேட்டா, அர்ஜுனனோட சாப்பிடப் போறேன்னு சொல்லிர்றேன். உன்னோட போனா வேற எதுக்குப் போவேன்?"

அது நியாயமான பொய். என் வயிறே சாட்சி.

முதல் புதன் திரும்பி வரும்போது, சிம்பாங் பூலாய் தாண்டி மேலேறத் தொடங்கியதும் கேட்டார்: "எங்க சாப்பிட்ட, என்னா சாப்பிட்ட, அதுல என்னா போட்டிருந்தான்னு கேப்பாடா. என்னா சொல்றது?"

என்னிடமா இந்தக் கேள்வி? தண்ணீரை மீனிடம் கேட்ட மாதிரி. அந்த ஏற்றத்திலேயே ஒரு கடை கட்டினேன். பாசாருக்குப் பின்னால் ஒரு சந்து. பெயர்ப்பலகை இல்லாத கடை. பச்சைப் பெயின்ட் அடித்த பெஞ்சு. சுவரில் மார்ச் மாதத்தோடு நின்றுபோன ஒரு காலண்டர். சமைப்பவள் நீலாவதி, மேல்வரிசையில் ஒரு தங்கப்பல். சிங்கப்பூர் தேக்காவில் நான் சாப்பிட்ட மீன்தலைக் குழம்பைத் தூக்கி அவள் அடுப்பில் வைத்தேன். அடுத்த தடவை, ஹாட்யாய் ரயிலடியில் முறுகலான வெங்காயத்தைத் தூவிக் கொடுத்த பொரித்த கோழி. அதற்கடுத்து, மெட்ராஸ் சென்ட்ரல் எதிர்ச்சந்தில் நின்றுகொண்டே குடித்து, இரண்டாவது டம்ளர் கேட்கக் கூச்சப்பட்டு இன்றுவரை வருந்துகிற அந்த ரசம். மூன்று ஊரையும் ஒரே சந்துக்குள் குடிவைத்துவிட்டேன்.

"மெதுவாச் சொல்லு. மனப்பாடம் பண்ணணும்" என்பார். கண்ணை மூடிக்கொண்டு ஜன்னலில் தலை சாய்த்துக் கேட்பார். தொண்டைக்குழி ஏறி இறங்கும். எச்சில் விழுங்குகிறார், கதை அவ்வளவு ருசி என்று பெருமைப்பட்டேன். எச்சில்கூட அவருக்குச் சுலபமாக இறங்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

டிசம்பரில் அவர் கேட்டார்: "வீட்டுல ஏன் சாப்பிட மாட்டேங்கறேன்னு சண்ட போடுறா. என்னா சொல்லட்டும்?"

நான் ஸ்டீரிங்கைத் தட்டிச் சொன்னேன்: "அந்தக் கடைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வேற எதுவும் எறங்க மாட்டேங்குதுன்னு சொல்லுங்க."

இருவரும் சிரித்தோம். என் வாழ்க்கையில் நான் செய்த ஆக மோசமான காரியம் அதுதான். அப்போது அது தெரியவில்லை. நல்ல ஜோக் என்று நினைத்தேன்.

*

அண்ணன் போய் ஏழு மாதம் கழித்து, அக்டோபர் கடைசியில் மேவிஸ் அண்ணி என் வீட்டுக்கு வந்தார். எஸ்டேட் லயத்திலிருந்து கோலா தெர்லா வரை பஸ்ஸில், கையில் மூன்றடுக்குத் தூக்குச்சட்டியோடு. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ஒண்ணாந்தேதி லோடு இருக்கா அர்ஜுனா?"

"கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் அண்ணி, இல்லாம இருக்குமா? பூ மலையா போகும்."

"என்னையும் ஏத்திக்க. நீலாவதி கடைக்குப் போவணும்."

குமுதா காப்பி கொண்டுவந்தாள். டம்ளரை வாங்காமல் மேசையைக் காட்டினேன்.

"கல்லறையில அவருக்குப் பிடிச்சத வெக்கணும்ல. அவருக்கு எது பிடிச்சதுன்னுதான் ஊருக்கே தெரியுமே" என்றார் அண்ணி. "கடசி ஆறு மாசம் எங்கையால ஒரு வாய் திங்கல அர்ஜுனா. கிறிஸ்மஸுக்குக் கோழி வெச்சேன். எறங்க மாட்டேங்குதுன்னாரு. நீலாவதி சமையலுக்கு அப்புறம் எதுவும் எறங்கலயாம். சட்டியோட கொண்டுபோய்ப் பின்னாடி சாக்கடக் காண்ல கொட்டினேன். அவ கடையிலேயே போய்ப் படுத்துக்கன்னு கத்தினேன். சிரிச்சாரு. நோவுன்னு எனக்கு மார்ச்சுலதானே தெரியும். அப்ப மூணு வாரம்தான் மிச்சம். அந்த நோவுலயும் அவ சோறு மட்டும் எறங்குச்சுன்னாரே."

தூக்குச்சட்டியின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பொம்பளய ஒரு தடவ பாக்கணும். அப்பிடி என்னா சமைக்கிறான்னு பாக்கணும். கூட்டிட்டுப் போவியா, மாட்டியா?"

போவேன் என்றேன். வேறென்ன சொல்ல? ஏதாவது ஒரு கடையில் ஏதாவது ஒரு அம்மாவைக் கூப்பிட்டு, ஒருநாள் மட்டும் நீலாவதியாக இருங்கள் என்று கெஞ்சிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். தங்கப்பல்லுக்கு என்ன செய்வது என்றுதான் இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை.

*

ஒன்றாம் தேதி, புதன்கிழமை காலை, மலை முழுக்க வெள்ளையாகப் பனி. தேயிலைச் சரிவும் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை. அண்ணி லோரியில் ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டார். ஜன்னல் சீட் காலி.

"தள்ளி வசதியா ஒக்காருங்க அண்ணி."

"வேணாம்."

எனக்கு அவரிடம் கதை சொல்ல ஆயிரம் இருந்தது; உண்மை ஒன்றுதான். ஒவ்வொரு வளைவிலும் அதைச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன்.

"அண்ணி, அந்தக் கடை..."

"சொல்லு."

"நவம்பர் ஒண்ணாந்தேதி மூடியிருப்பாங்களோன்னு..."

"கல்லறைத் திருநாளுக்கு நாங்கதானே லீவு போடணும். அவங்க எதுக்கு?"

அடுத்த வளைவில் ஸ்ட்ராபெர்ரி விலையைப் பற்றிப் பேசினேன். அதற்கடுத்த வளைவில் விசில் அடித்தேன். கம்போங் ராஜா தாண்டியது. இறக்கம் தொடங்கியது.

டிங், டிங், டிங்.

அண்ணி ஜன்னல் சீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சென்சர்ல ஈரம்" என்றேன்.

அவர் எட்டி, பெல்ட்டை இழுத்து, வெறும் சீட்டின் குறுக்கே மாட்டினார். ஜன்னல் கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டார். "காத்து வரணும். இல்லாட்டி இந்த வளைவுல அவருக்கு வாந்தி வரும்."

சொன்ன குரலில் அழுகை இல்லை, ஒன்றும் இல்லை. பனி அந்த நாலு விரல் வழியாக உள்ளே வந்து எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அதன்பிறகு நான் விசில் அடிக்கவில்லை.

பூவை இறக்கிவிட்டு லோரியை நிறுத்தினேன். பார்த்துவைத்திருந்த ஒரு கடைப்பக்கம் திரும்பினேன். அண்ணி எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கினார்.

"அண்ணி, இப்பிடி."

"இல்ல, இப்பிடித்தான். குடை ரிப்பேர்க் கடை தாண்டி மூணாவது சந்து. காண் மேல ஒரு இரும்புப் பலகை கெடக்கும், மிதிச்சா சத்தம் வரும். ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப அவரே வழி சொன்னாரு."

நான் வழியே சொன்னதில்லை. பாசாருக்குப் பின்னால் ஒரு சந்து என்றதோடு சரி. குடைக்கடை என் கதையில் கிடையாது.

குடைக்கடை இருந்தது. மூன்றாவது சந்து இருந்தது. இரும்புப் பலகையை அண்ணி மிதித்தார், சத்தம் வந்தது. நானும் மிதித்தேன், எனக்கு இன்னும் பெரிய சத்தம். சந்தின் முடிவில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கடை. உள்ளே பச்சைப் பெயின்ட் அடித்த பெஞ்சு. சுவரில் காலண்டர். மார்ச்.

அந்தக் காலண்டரை நான் செய்தேன். சிம்பாங் பூலாய் ஏற்றத்தில், இரண்டாவது கியரில், என் வாயால் செய்தேன். மார்ச் என்று ஏன் சொன்னேன்? வாயில் வந்தது, சொன்னேன். அண்ணன் மார்ச்சில் போனார்.

அடுப்பிலிருந்து ஒரு அம்மாள் திரும்பினார். ஐம்பது வயதிருக்கும்.

"நீலாவதியா?" என்றார் அண்ணி.

அந்த அம்மாள் அண்ணியைப் பார்த்தார், தூக்குச்சட்டியைப் பார்த்தார். கொஞ்சம் தாமதித்து, "ஆமா" என்றார். சிரித்தபோது மேல்வரிசையில் பளிச்சென்றது.

பச்சைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

"நான் தோமஸோட..."

"தெரியும்க்கா. மேவிஸக்கா. வருவீங்கன்னு சொல்லியிருந்தாரு." கையைத் துடைத்துக்கொண்டு அருகே வந்தார். "இந்த எடத்துலதான் ஒக்காருவாரு. நல்லாச் சாப்பிடுவாருக்கா. மீன்தலைக் குழம்புன்னா ரெண்டு தடவ சோறு வாங்குவாரு. வெங்காயம் தூவுன கோழி. ஒண்ணும் மிச்சம் வெக்க மாட்டாரு. சந்தோசமா இருந்தாரு."

ஒப்பித்தார். என் வார்த்தைகள், ஒன்றுகூட மாறாமல். இரண்டு ராத்திரியாக நான் கும்பிட்ட அதிர்ஷ்டம் இதுதான்: என் பொய் எழுந்து நின்று, அடுப்பு மூட்டி, தங்கப்பல் தெரியச் சிரிக்கிறது. இனி யாரும் என்னைப் பிடிக்க முடியாது.

அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். மூடியிருந்தது. எஸ்டேட் கடையில் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாக வைத்து அடைப்பார்களே, அப்படி.

"ரெண்டு தடவ சோறு" என்றார், தனக்குள். பிறகு தூக்குச்சட்டியை நீட்டினார். "அதையே குடுங்க. அவருக்கு எது எறங்குச்சோ அதையே குடுங்க."

அப்போதுதான் என் வாய் எனக்கு அடங்காமல் திறந்தது. வழக்கம்தான். ஆனால் இந்தத் தடவை வந்தது வேறு.

"பொய் அண்ணி. எல்லாம் பொய். நான்தான் பண்ணேன்."

ஆஸ்பத்திரி, ஒருவாரம்விட்டு ஒருவாரப் புதன்கிழமை, தேக்கா, ஹாட்யாய், மெட்ராஸ் எல்லாவற்றையும் கொட்டினேன். "எறங்கல" என்று சொல்லச் சொன்னதும் நான்தான் என்றேன். "அது மட்டுந்தான் நெசம் அண்ணி. தொண்டையில எறங்கல. எங்க சமைச்சாலும் எறங்கியிருக்காது. உங்க கோழின்னு இல்ல."

அண்ணி என்னையே பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப இவங்க யாரு?"

எனக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

அந்த அம்மாள் எதிரே உட்கார்ந்தார். "எம்பேரு மலர்" என்றார். "அவருதான் நீலாவதின்னு கூப்புடுவாரு. போன வருசம் செப்டம்பர்ல வந்தாரு. பச்ச பெஞ்சியத் தொட்டுத் தொட்டுப் பாத்தாரு. சந்து சந்தாத் தேடினேன், இதான் கொஞ்சம் ஒத்து வருதுன்னாரு. என் கூட்டாளி ஒருத்தன் கதை கட்டியிருக்கான், நல்ல பையன், என் சம்சாரம் கெட்டிக்காரி, ஒருநாள் தேடிக்கிட்டு வருவா, வந்தா அவன் மாட்டிக்குவான்னாரு. போர்டக் கழட்டிரச் சொன்னாரு, கழட்டினேன். இந்தக் காலண்டர அவருதான் கொண்டாந்து மாட்டினாரு. கிழிக்கக் கூடாதுன்னாரு. என்னா பேசணும்னு சொல்லிக் குடுத்தாரு."

ஒரு கவளம் விழுங்க முடியாத மனிதர், ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து, வெயிலில், சாப்பாட்டுக் கடைகளுக்குள்ளேயே தேடி நடந்திருக்கிறார். எங்கே இருந்தீர்கள் என்று நான் கேட்கும்போதெல்லாம், "சும்மா கொஞ்சம் நடந்தேன்டா" என்பார்.

"பல்லு?" என்று கேட்டேன்.

"இதா? இருவது வருசமா இருக்கு." மலர் பல்லைத் தொட்டுக்கொண்டார். "அவரு மொத தடவ என்னையப் பாத்தப்ப இதப் பாத்துட்டுத்தான் ஒக்காந்தாரு. வேர்த்துப்போச்சு அவருக்கு."

அடுப்பில் ஏதோ கொதித்தது.

"இங்க என்னாதான் சாப்பிட்டாரு?" என்றார் அண்ணி.

"சாப்பிட முடியலக்கா. ரசம் ஒரு கரண்டி கேப்பாரு. வாயில வெச்சிருந்துட்டுத் துப்பிருவாரு. ஒவ்வொரு தடவையும் அதே சொல்லுவாரு, மொளகு பத்தலன்னு. நான் கூடப் போடுவேன். அப்பவும் பத்தலம்பாரு."

அண்ணியின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பென்று முதலில் நினைத்தேன். சிரிப்புத்தான். பிறகு அது வேறாக மாறியது.

"முப்பது வருசம்" என்றார், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஏன்டி இவ்வளவு மொளகு போடுற, மனுசன் திங்கறதான்னு முப்பது வருசம் திட்டினாரு இந்த ஆளு."

எழுந்தார். மலரிடம் கேட்கவில்லை. அடுப்புப் பக்கம் போனார். மிளகு டப்பாவைத் திறந்து, முகர்ந்து பார்த்து, "உரல் இருக்கா?" என்றார்.

*

திரும்பி மேலேறும்போது தூக்குச்சட்டி ஜன்னல் சீட்டில் இருந்தது. மூன்றடுக்கிலும் அண்ணியே மிளகு இடித்து வைத்த ரசமும் சோறும்தான். மீன்தலையும் இல்லை, கோழியும் இல்லை. சிம்பாங் பூலாய் தாண்டியதும் லோரி கத்தியது. சட்டியின் கனம்தான். அப்படித்தான் இருக்க வேண்டும். அண்ணி பெல்ட்டை மாட்டினார்.

லயத்தில் இறங்கும்போதுதான் சொன்னார்: "காலைல ஏழு மணிக்குக் கல்லறைக்கு வா."

போனேன். சரிவில், தேயிலைக்கு நடுவே இருக்கிறது எஸ்டேட் கல்லறைத்தோட்டம். பனியில் மெழுகுவர்த்திகள் மட்டும் அங்கங்கே மங்கலாகத் தெரிந்தன. ஃபேக்டரி ஓடிக்கொண்டிருந்தது; வாடும் கொழுந்தின் வாசம் சரிவெல்லாம் இறங்கியிருந்தது. அது ஃபேக்டரி வாசம்தான், எல்லோருக்கும் அடித்தது. எனக்கு மட்டும் தோளுக்குப் பக்கத்திலிருந்து அடித்தது.

அண்ணி சிலுவைக்கு முன்னால் இலையை விரித்து, சோற்றை வைத்து, ரசத்தை ஊற்றினார். நான் கொண்டுவந்த சாமந்தியை ஓரமாக வைத்தேன். செபம் முடிந்ததும், இன்னொரு இலையில் எனக்கும் சோறு போட்டு ரசம் ஊற்றினார்.

"இங்கேயா அண்ணி?"

"இங்கதான். சாப்புடு."

நின்றுகொண்டே சாப்பிட்டேன். முதல் வாயிலேயே காது அடைத்தது. கண்ணில் தண்ணீர். மூக்கில் தண்ணீர். மெட்ராஸ் ரசமெல்லாம் இதன் பக்கத்தில் குழந்தைக் கஞ்சி. மனுஷன் தின்கிற காரமில்லை.

"சொல்லு" என்றார் அண்ணி.

"யார்கிட்ட?"

"அவர்கிட்ட. நீதானே சொல்லுவ. என்னா சாப்பிட்டோம்னு சொல்லு. கதை கட்டாம சொல்லு."

நான் சிலுவையைப் பார்த்தேன். என்னிடம் மூன்று ஊரும் இருந்தன, ஒன்றும் உதவவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. மிளகு என்று சொல்லிக்கொள்ளலாம்.

"சோறு அண்ணே" என்றேன். "ரசம். மொளகு ரொம்ப அதிகம்."

பனிக்குள் எங்கேயோ ஒரு தொண்டை ஏறி இறங்கிய சத்தம் கேட்டது. என்னுடையதாகவும் இருக்கலாம். அண்ணி என் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினார்.